எண்பதிலிருந்து எண்பதுக்கு

நகரி
பிப்ரவரி 9, திங்கள்

உதயாவுக்கு,

அண்ணன் லெட்டர் எழுத ஆரம்பித்துவிட்டான் என்று இந்தக் காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பாய். சிரித்துக்கொள். நேற்று சங்கக் கூட்டத்தில் எல்லா விசைத்தறிக்காரனுக்கும் முன்னால் என் போனை எடுத்து உன் நம்பரை பிளாக் பண்ணி, அதை ஒவ்வொருத்தன் கண்ணுக்கும் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அப்படிச் செய்யாவிட்டால் செயலாளர் நாற்காலியிலிருந்து என்னை அங்கேயே எழுப்பியிருப்பார்கள். அதனால் போன் செய்யாதே. யசோதா போனுக்கும் வேண்டாம், அதையும் வாங்கிப் பார்ப்பேன் என்கிறான் சங்கத்துக் கேசவன். என் பெண்டாட்டி போனைப் பார்க்க இவன் யார் என்று நீ கேட்பாய். நானும் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலைமையில் நீ என்னை வைக்கவில்லை. பதில் எழுதுவதானால் யசோதாவின் தையல் கடை விலாசத்துக்கு எழுது.

உன் கம்பெனியோடு பாலியஸ்டர் நூலுக்கு ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு இங்கே ஒருத்தனுக்கும் மனசில்லை. நூல் விலையைக் கச்சா எண்ணெய் விலையோடு முடிச்சுப் போடுகிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எண்ணெய்க் கம்பெனி ரிப்போர்ட்டைப் பார்த்து ஏற்றுவோம் இறக்குவோம் என்கிறார்கள், இந்த வம்பு நமக்கு எதுக்கு என்றார்கள். நான்தான் எழுந்து நின்று, "அங்க கணக்கு பாக்கறது யாரு? என் தங்கச்சி. அவ போட்ட கணக்கு தப்பாது, நான் கேரண்டி" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பன்னிரண்டு தறிக் கொட்டகைக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது நீயே சொல். ஜூன் ரிப்போர்ட்டில் பீப்பாய் எண்பது டாலர், நம் நூல் கிலோ இருநூறு ரூபாய். செப்டம்பர் ரிப்போர்ட்டில் அறுபத்துநாலு. இருபது சதவீதம் இறங்கியது, அதில் பாதியை நூலில் குறைக்கிறோம் என்று நோட்டீஸ் அனுப்பினாய். நூற்றெண்பதுக்கு வாங்கினோம், சந்தோஷம். டிசம்பர் ரிப்போர்ட்டில் எண்ணெய் பழையபடி எண்பது. இப்போது வந்த நோட்டீஸில் எண்ணெய் இருபத்தைந்து சதவீதம் ஏற்றம், அதில் பாதி நூலுக்கு என்று போட்டிருக்கிறாய். இறங்கும்போது இருபது, ஏறும்போது இருபத்தைந்தா? போனது எண்பதிலிருந்து, வந்தது எண்பதுக்கு. நடுவில் அந்த ஐந்தை யார் சொருகினது?

"உன் தங்கச்சிக்கு சம்பளம் குடுக்கறவன் யாரு? அவன் பக்கந்தான் தராசு முள்ளு சாயும்" என்றான் கேசவன்.

மாதக் கடைசிக்குள் சம்மதக் கையெழுத்து வராவிட்டால் நூல் கிடையாது என்று நோட்டீஸின் கடைசி வரியில் மிரட்டல் வேறு. அதுவும் நீ டைப் செய்ததுதான். இருக்கிற நூல் தீர்ந்தால் கொட்டகைகளை மூட வேண்டியதுதான். சங்கம் முடிவு செய்திருப்பது இது: 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ காணிப்பாக்கம் வர வேண்டும். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று, இந்தக் கணக்கில் எங்களுக்கு விரோதமாக எதுவும் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். வராவிட்டால் நீ திருடி, நான் திருடிக்கு அண்ணன். இந்த ஊரில் நாங்கள் இருக்க வேண்டும், அதை நினைவில் வை.

தாமோதரன்

•

திருப்பதி, பைராகிப்பட்டெடா
பிப்ரவரி 11, புதன்

அண்ணா,

உன் கடிதத்தை ரேணிகுண்டா ரோட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். சுற்றிலும் மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. திருடி என்ற வார்த்தை வந்த இடத்தில் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டுவிட்டேன். ஆபீஸுக்கு நடந்து வந்து மீதியைப் படித்தேன்.

நான் உன் தங்கை என்பதற்காக அழுது எழுதுவேன் என்று நினைத்திருந்தால் அது நடக்காது. கணக்கை எழுதுகிறேன். படி.

அந்த ரிப்போர்ட்டில் கச்சா எண்ணெய் விலை ஒரே வரியில் ஐந்து கட்டங்களில் இருக்கும். இந்தக் காலாண்டு, அதற்கு முந்தைய காலாண்டு, போன வருடத்து இதே காலாண்டு, ஒன்பது மாதம், போன முழு வருடம். அவசரக்காரர்கள் மூன்றாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு வேறு ஒரு சதவீதத்தைச் சொல்வார்கள். நான் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறவள். முதல் கட்டம் எண்பது, இரண்டாவது கட்டம் அறுபத்துநாலு. முந்தைய காலாண்டிலிருந்து எத்தனை மாறியது என்பதுதான் ஒப்பந்தம்.

அறுபத்துநாலிலிருந்து எண்பதுக்குப் போக எத்தனை வேண்டும்? பதினாறு. அறுபத்துநாலில் பதினாறு என்பது கால் பங்கு. கால் பங்கு என்றால் இருபத்தைந்து சதவீதம். இறங்கும்போதும் அதே பதினாறுதான், ஆனால் அது எண்பதில் பதினாறு. ஐந்தில் ஒரு பங்கு, இருபது சதவீதம். அந்தப் பதினாறு மாறவே இல்லை. எதன் மேல் அளக்கிறோம் என்பது மாறியது. அந்த ஐந்தை யாரும் சொருகவில்லை.

இது உங்கள் யாருக்கும் ஏன் மண்டையில் ஏறவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம் ஊரில் கூலி உயர்வு எப்போதும் முதல் ஒப்பந்தக் கூலியின் மேல்தான். சென்னம்மா உன் கொட்டகையில் தார்க்குழலில் நூல் சுற்ற வந்தபோது வாரம் ஆயிரம். மூன்று தரம் இருபது இருபது சதவீதம் உயர்த்தினீர்கள், மூன்று தரமும் அந்த ஆயிரத்தின் மேல். ஆயிரத்து அறுநூறு ஆயிற்று. இந்தப் பொங்கலுக்குப் பத்து சதவீதம் கொடுத்தோம் என்று பெருமையாகச் சொன்னாயே, அவள் அப்போது வாங்கிய ஆயிரத்து அறுநூறின் மேலா கொடுத்தாய்? அதே பழைய ஆயிரத்தின் மேல், வெறும் நூறு ரூபாய். சதவீதம் என்றாலே முதலில் இருந்த விலையின் மேல்தான் என்று உங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஊர்ப் பழக்கம் எண்ணெய்க் கம்பெனிக்குத் தெரியாது.

ஒரு வகுத்தல் கணக்குக்காக நான் குளத்தில் முழுக மாட்டேன். பதினாறை அறுபத்துநாலால் வகுத்தால் கால் என்று பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தால் அவருக்கே சிரிப்பு வரும். என்னை பிளாக் செய்த கையால் ஒரு கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்திருக்கலாம், இரண்டுக்கும் ஒரே போன்தான்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உதயா

•

நகரி
பிப்ரவரி 14, சனி

உதயா,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்ததும் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். யசோதா பிடுங்கிக்கொண்டாள். "நீ உன் பாட்டுக்கு கத்திக்கினு இரு. அந்தப் பொண்ணு இன்னா எழுதிகீதுன்னு மொதல்ல முழுசா படி" என்றாள்.

படித்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் பதினாறு பதினாறாக நாலு கோடு போட்டுப் பார்த்தேன். அறுபத்துநாலு வந்தது. சரி, கால்தான். இருபத்தைந்துதான். உன் வாயால் ஒரு தரம் "நீ சொன்னது சரி அண்ணா" என்று வராது, நானாவது சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் நீ சொன்னது சரி.

ஆனால் உன் ஸ்கேலை எடுத்து இதையும் கொஞ்சம் அளந்து சொல். எண்ணெய் எண்பதில் இருந்தபோது நூல் இருநூறு. எண்ணெய் கீழே போயிற்று, மேலே வந்தது, இன்றைக்கு அதே எண்பதில் நிற்கிறது. உன் நோட்டீஸின்படி நூல் விலை இருநூற்று இரண்டு ரூபாய் ஐம்பது காசு. நான் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டேன், என் சட்டைப் பையில் மட்டும் எப்படி ஓட்டை? கேசவனுக்கும் மற்றவர்களுக்கும் சதவீதம் தெரியாமல் இருக்கலாம். இரண்டரை ரூபாய் தெரியும். அதைத்தான் அவர்கள் திருட்டு என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் இருபது, இருபத்தைந்து என்று கத்தினார்கள், நானும் சேர்ந்து கத்தினேன்.

சென்னம்மா கூலியை இதில் எதற்கு இழுத்தாய்? அது சங்கத்தின் தீர்மானம், நான் தனியாகப் போட்டதில்லை. அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்குக் கோபம் வந்தால் சம்பந்தமில்லாத இடத்தில் ஊசி குத்துவது சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

எட்டுத் தறியில் மூன்றுதான் ஓடுகிறது. சென்னம்மாவுக்குச் சுற்ற நூல் இல்லை. சும்மா உட்கார்ந்து கூலி வாங்க ஒரு மாதிரி இருக்கிறது என்று கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். தறி நின்றால் காதில் என்னவோ அடைத்த மாதிரி இருக்கிறது, எனக்குத் தூக்கமில்லை.

தெருவில் போனால் பேச்சு நிற்கிறது, உதயா. டீக்கடையில் நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து போனான். நைனா இருந்தவரைக்கும் நம் வீட்டு வார்த்தையை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இருபத்தைந்து சரியென்றால் வந்து சத்தியம் செய்துவிட்டுப் போயேன். ஒரு முழுக்கு, ஒரு வார்த்தை. அதில் உனக்கு என்ன குறைந்துவிடும்? 22-ஆம் தேதி காலையில் திருப்பதியிலிருந்து பஸ் இருக்கிறது. மாற்றுத் துணி யசோதா எடுத்து வருவாள்.

தாமோதரன்

•

திருப்பதி
பிப்ரவரி 17, செவ்வாய்

அண்ணா,

நான் வர முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

உன் கடிதத்தைப் படித்ததும் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "ஒப்பந்தப்படி போட்டால் இருநூற்றிரண்டரைதான் வரும்" என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டு, ஏன் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை என்பதைக் கவனித்தேன். பத்து வருடமாகக் கணக்கு பார்க்கிறவளுக்கு அது எவ்வளவு அவமானம் என்று உனக்குப் புரியாது.

போட்டுப் பார்த்தேன். எண்ணெய் எத்தனை சதவீதம் மாறுகிறதோ அதில் பாதி நூலுக்கு. இறங்கும்போது இருபதில் பாதி பத்து, இருநூறு நூற்றெண்பது ஆனது. ஏறும்போது இருபத்தைந்தில் பாதி பன்னிரண்டரை, அதுவும் அந்த நூற்றெண்பதின் மேல். இருபத்திரண்டரை ரூபாய் ஏறுகிறது. குறைந்தது இருபது, ஏறியது இருபத்திரண்டரை. பாதி பாதியாக எடுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று ஈடு கட்டுவதில்லை.

சரி, இந்தத் தரம் முதலில் இறங்கியதால் இப்படி, முதலில் ஏறியிருந்தால் கம்பெனிக்கு நஷ்டமாகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதையும் போட்டேன். எண்பதிலிருந்து நூறுக்கு ஏறி, நூறிலிருந்து எண்பதுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள். நூல் முதலில் இருநூற்று இருபத்தைந்து, பிறகு அதில் பத்து சதவீதம் போய் அதே இருநூற்றிரண்டரை. எண்ணெய் எந்தப் பக்கம் ஆடிவிட்டுத் திரும்பி வந்தாலும் நூல் விலை மேலே ஒரு படி ஏறித்தான் நிற்கும். இப்படி நாலு தரம் ஆடினால் கிலோ இருநூற்றுப் பத்தைத் தாண்டும். எண்ணெய் மட்டும் எண்பதிலேயே இருக்கும்.

நான் எழுதிய எண்களில் ஒன்றும் தப்பில்லை. எழுதச் சொன்ன விதியில் ஓட்டை இருக்கிறது. சங்கம் கேட்கிற சத்தியத்தின் வாசகம் என்ன? "உங்களுக்கு விரோதமாக எதுவும் இல்லை." இருக்கிறதே, அண்ணா. தெரிந்த பிறகு எப்படி ஈரத் துணியோடு நின்று இல்லை என்று சொல்வேன்? எனக்குப் பிள்ளையார் பயம் அதிகமில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் நின்று பொய் சொல்ல என்னால் ஆகாது.

நேற்று இதையெல்லாம் ஒரு தாளில் போட்டு முதலாளி சிரஞ்சீவியிடம் காட்டினேன். சிரஞ்சீவி கெட்டவர் இல்லை. வேறு எங்கிருந்தோ ஒரு ஒப்பந்தத்தைப் பார்த்து எடுத்த விதி அது, அவருக்கும் இது முன்பே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "வாள்ளு சந்தகம் பெட்டாரு கதா, உதயா காரு" என்றார். அவர்கள்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார்களே என்று அர்த்தம். தாளை மடித்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "இது உங்க ஊருக்குப் போச்சுன்னா, நீங்களும் ஊருக்கே போயிடலாம்" என்றார், அதையும் சிரித்தபடியே. பிறகு எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

அதனால் ஜாக்கிரதையாகக் கேள். உன் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம் கேட்கச் சொல். சதவீதத்தை முந்தைய காலாண்டிலிருந்து எடுக்கக் கூடாது, எப்போதும் அந்த முதல் ஜூன் மாதத்து எண்பதிலிருந்தே எடுக்க வேண்டும், நூலுக்கும் எப்போதும் அந்த முதல் இருநூறின் மேலேயே போட வேண்டும். அப்படிப் போட்டால் எண்ணெய் எண்பதுக்கு வரும்போதெல்லாம் நூல் சரியாக இருநூறுக்கு வந்துவிடும். ஆமாம், உங்கள் ஊர்ப் பழக்கம்தான். இந்த இடத்தில் அதுதான் நியாயமான கணக்கு. சிரித்துக்கொள், உன் முறை.

இதை உன் யோசனையாகச் சொல். என் பெயர் வரக் கூடாது. படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. முப்பத்துநாலு வயதில், முடிக்காத பி.காமை வைத்துக்கொண்டு, இந்தத் திருப்பதியில் இன்னொரு முதலாளி எனக்கு நாற்காலி போட மாட்டான். ஊர் என்னைத் திருடி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், நான் இங்கேதானே இருக்கிறேன். வேலை போனால் எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது. வந்து உன் வீட்டில் ஒரு மூலையில் உட்கார நான் தயாராக இல்லை.

சத்தியம் செய்யாதவளாகவே இருக்கிறேன். உனக்கு நூல் கிடைக்கட்டும்.

உதயா

•

நகரி
பிப்ரவரி 23, திங்கள்

உதயாவுக்கு,

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் என் வாயால் நீ கேட்க வேண்டும்.

நீ சொன்னபடிதான் செய்வதாக இருந்தேன். என் யோசனை மாதிரியே எல்லாவற்றையும் பேசிப் பார்த்துக்கொண்டேன், யசோதாவைக் கேசவனாக உட்கார வைத்து. எண்பது, இருநூறு, பாதி, எல்லாம் தடையில்லாமல் வந்தது. உன் கடிதத்தை மட்டும் அடுப்பில் போட மனம் வரவில்லை. கணக்கு மறந்துவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று யசோதாவின் கைப்பையில் வைத்திருந்தேன். அதுதான் காரணம், வேறு எந்த எண்ணமும் அப்போது எனக்கு இல்லை.

காணிப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் உனக்குத் தெரியும். குளத்துப் படியில் நம் ஆட்கள் மட்டும் முப்பது பேர். பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தரை மணி ஆனதும் கேசவன், "பாத்துகினியா தாமு, வரல. திருடினவ எப்படி வருவா?" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தன், தங்கச்சி சம்பளத்தில் அண்ணன் இன்னும் எட்டுத் தறி போடப் போகிறான் என்றான்.

என்னைப் பற்றிச் சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். உன்னைச் சொன்ன அந்த வார்த்தையை நானே முதல் கடிதத்தில் உனக்கு எழுதியிருந்தேன். அதை இன்னொருத்தன் வாயில் கேட்கும்போதுதான் எப்படிப்பட்ட வார்த்தை என்று தெரிந்தது. சட்டையைக் கழற்றி யசோதா கையில் கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்கினேன். முழுகினேன். ஈர வேட்டியோடு சன்னிதி முன்னால் போய் நின்று, "அவ வராததுக்குக் காரணம் கீது, கேளுங்க" என்று சொல்லி உன் கடிதத்தை வாங்கிப் படித்தேன்.

கணக்கு இருக்கிற இடத்தை மட்டும் படிக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். நிறுத்தத் தெரியவில்லை. "என் பெயர் வரக் கூடாது" என்பதையும் படித்துவிட்டேன். "அந்த இடத்தில் நின்று பொய் சொல்ல என்னால் ஆகாது" என்பதை இரண்டு தரம் படித்தேன். கையில் இருந்த ஈரத்தில் மை கரைந்து கடைசிப் பக்கம் சரியாகத் தெரியவில்லை, யசோதா படித்து முடித்தாள்.

கேசவன் கிட்டே வந்து, "அந்த இருநூத்து இருவத்தஞ்சு எப்பிடி வந்துது, இன்னொரு தரம் படி" என்றான். படித்தேன். கடிதத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். வரும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் தங்கச்சிய நான் தப்பா பேசிட்டேன்" என்றான். இன்றைக்கு அவனும் நாலு பேரும் உன் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள். கடிதத்தைக் காட்டாதே என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

இனி இந்த ஊரில் உன் பெயரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அதை நினைத்து நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். போனை எடு.

அண்ணன்

•

திருப்பதி
பிப்ரவரி 26, வியாழன்

அண்ணா,

போனை எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய், நானும் அழுதுவிடுவேன், பிறகு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். சரியாகவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கேசவன் அண்ணன் வந்தார். காட்டாதே என்று நீ சொல்லியிருந்தாய், அவர் பத்து நிமிஷம் காட்டாமல்தான் இருந்தார். சிரஞ்சீவி கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் போனை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்து, உன் கட்டை விரல் ஈரம் பட்டுக் கலைந்து, கண்ணாடித் திரையில். முதலாளி பெரிது பண்ணிப் பெரிது பண்ணிப் படித்தார்.

உன் சங்கத்துக்கு ஜெயம். பன்னிரண்டு கொட்டகை ஒரேயடியாகப் போய்விடும் என்று பயந்து விதியை மாற்ற ஒத்துக்கொண்டார். அந்தப் புது விதியை டைப் செய்தது நான். "ஜூன் காலாண்டின் விலையிலிருந்து" என்று அடித்து, பிரிண்ட் எடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அதுதான் அங்கே என் கடைசி வேலை. "ஏமனுகோகண்டி, உதயா காரு. நம்பிக்கை போச்சு" என்றார். தப்பாக நினைக்காதீர்கள் என்று என்னிடமே சொல்கிறார். மாத முடிவு வரை சம்பளம் போட்டுக் கொடுத்தார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று உனக்கு இன்னும் தெரியாது. வேலை போனதற்கு என்று நினைப்பாய். எனக்கு கேரண்டி நின்றபோது என்னைக் கேட்டாயா? என் நம்பரை பிளாக் செய்தபோது? முப்பது பேருக்கு முன்னால் என் கடிதத்தைப் பிரித்தபோது? ஒரு தரமும் கேட்கவில்லை. என் பெயரை நீ எடுத்து அழுக்காக்கினாய், நீயே எடுத்துத் துவைத்தாய், இப்போது வெளுத்துவிட்டது பார் என்று காட்டுகிறாய். அது என் பெயர், அண்ணா. அழுக்கோடு வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன் அல்லவா?

ஆனாலும் நீ குளத்தில் இறங்கியதை அண்ணி போனில் சொன்னாள். மாசி மாதத்துத் தண்ணீர் ஜில்லென்று இருந்திருக்கும், உனக்கு ஆஸ்துமா. அதை நினைத்தால் திட்டவும் முடியவில்லை.

ஊருக்கு வா என்று எழுதுவாய். வர மாட்டேன். ஒன்று செய்தால் வருகிறேன். எண்ணெய் ஏறும், இறங்கும். அதற்கு ஒரே இடத்தில் நின்று அளப்பது நியாயம். அதைத்தானே முப்பது பேர் கேட்டுப் பிள்ளையார் முன்னால் தலையாட்டினீர்கள்? சென்னம்மாவின் வீட்டு வாடகை என்றைக்காவது இறங்கியிருக்கிறதா? அவளுக்கு மட்டும் ஏன் இன்னும் அந்த முதல் ஆயிரம்? உங்களுக்கு இரண்டரை ரூபாய் போனபோது திருட்டு என்று தெரிந்தது. பத்து சதவீதம் என்று சொல்லிவிட்டு நூறு ரூபாய் கொடுக்கிறாயே, பொங்கலுக்கு முன் அவள் வாங்கிய ஆயிரத்து அறுநூறின் மேல் போட்டால் நூற்று அறுபது. வாரம் அறுபது ரூபாய் குறைகிறது, அதைக் கொடு. சங்கத் தீர்மானம் என்று என்னிடம் சொல்லாதே. சங்கத்தை மீறி நான் இருந்தேனா இல்லையா?

உதயா

•

நகரி
மார்ச் 2, திங்கள்

உதயாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. மூன்று தடவை கேட்டாயா என்று கேட்டிருக்கிறாய். கேட்கவில்லை.

எட்டுத் தறியும் ஓடுகிறது.

சனிக்கிழமை கூலி நாள். சென்னம்மாவுக்கு ஆயிரத்து எழுநூற்று அறுபது எடுத்துக் கொடுத்தேன். சங்கத்துக்குத் தெரிந்தால் கேசவன் என்ன சொல்வான் என்று யோசித்தேன். பிறகு சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் கொட்டகை வாசலில் நின்று எண்ணினாள். மறுபடி எண்ணினாள். திரும்பி உள்ளே வந்து அறுபது ரூபாயை என் தறி மேல் வைத்தாள்.

"இன்னா தம்பி, அறுவது ரூபா ஜாஸ்தியா கீது. கணக்கு தப்பா போட்டுட்ட."

"தப்பு இல்ல, சென்னம்மா. பொங்கலுக்கு முன்ன வாங்கின பதினாறு நூறு மேல பத்து பர்சண்ட் போட்டுகீறேன். சரியாதான் கீது, எட்த்துகினு போ" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு கணக்கு தெரியாதுன்னு நெனச்சுகினியா? ஆயிரத்துக்குப் பத்து பர்சண்ட் நூறு. பதினேழு நூறு. இத்தினி வருசமா அப்டிதானே? எனக்கு வோணாம்பா. இன்னிக்கு எட்த்துகினு போனா, நாளைக்கு என்னயும் காணிப்பாக்கம் இட்டுகினு போய் முழுகச் சொல்லுவீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

அறுபது ரூபாய் தறி மேலேயே இருக்கிறது. நான் எடுக்கவில்லை. உன்னால் வர முடியுமா என்று கேட்கிறேன். கேட்கத்தான் செய்கிறேன்.

அண்ணன்